குடும்ப ஆவணங்களைக் கிளவுடில் வைக்கலாமா? சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர்: கடலூர்க் காகிதம்

அனைவருக்கும் வணக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கியபோது எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு பக்கத்து ஓடுகள் பறந்துபோய், மர பீரோவின் மேல்தட்டில் இருந்த அப்பாவின் காகிதங்கள் அனைத்தும் நனைந்துவிட்டன. கிரையப் பத்திரத்தின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து உலர்த்தினோம். ஆயினும் இரண்டு தாள்களில் மை பரவி, சார்பதிவாளரின் முத்திரை வெறும் ஊதாத் திட்டாகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் எந்த முக்கியக் காகிதத்தையும் ஸ்கேன் செய்து கணினியில் சேர்த்து வைப்பது எனக்கு வழக்கமாயிற்று.

இப்போது ஏறக்குறைய 400 கோப்புகள், சுமார் 3 ஜிபி அளவில் சேர்ந்திருக்கின்றன. பத்திரங்கள், பட்டா, அப்பாவின் ஓய்வூதிய ஆணை, அம்மாவின் மருத்துவ அறிக்கைகள், எல்லோருடைய ஆதார், பான் அட்டைகள், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கங்கள் என எல்லாம் அதில் உண்டு. இவை ஒரு பழைய மடிக்கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் மட்டுமே இருக்கின்றன. அந்த மடிக்கணினியோ கொஞ்ச நாளாகத் தொடங்கும்போதே டிக் டிக் என்று ஒலியெழுப்புகிறது. ஆகவே கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம் என்று எண்ணினேன். கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கைக்கும் இவை வேண்டியிருக்கின்றன.

இதைச் சொன்னதும் அலுவலக நண்பர் ஒருவர், அடுத்தவன் வீட்டுப் பரணில் நம் வீட்டுப் பத்திரத்தைப் போட்டு வைப்பதற்குச் சமம் இது என்று சொல்லிவிட்டார். அந்நிறுவனத்தார் நம் கோப்புகளைப் பார்க்க முடியுமா, பிடிஎஃப் ஒவ்வொன்றுக்கும் கடவுச்சொல் இட்டுவிட்டால் அது போதுமான பாதுகாப்பாகுமா, இல்லையெனில் பணம் கட்டி வேறு சேவைக்குப் போக வேண்டுமா என்பவை என் ஐயங்கள். கணினியில் எனக்கு எக்செல் வரைதான் பழக்கம் என்பதை மனத்தில் கொண்டு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி: சாவிக்கொத்து

உங்கள் முதல் ஐயத்திலிருந்து தொடங்குகிறேன். கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் ஆகிய மூன்றும் கோப்புகளை மறையாக்கம் செய்துதான் வைக்கின்றன. உங்கள் கணினியிலிருந்து அவர்களுடைய சர்வருக்குப் போகும் வழியிலும் சரி, அங்கே வட்டில் கிடக்கும்போதும் சரி, கோப்பு படிக்க இயலாத வடிவத்தில் இருக்கும். இணைய வழியில் இடைமறிப்பவரோ தரவு மையத்திலிருந்து ஒரு வட்டைக் கழற்றிச் செல்பவரோ அதைக் கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஆனால் அந்த மறையைப் பிரிக்கும் திறவுகோல் நிறுவனத்திடமே இருக்கிறது. வங்கி லாக்கரைத் திறக்க வங்கியின் சாவி ஒன்றும் நம்முடைய சாவி ஒன்றும் வேண்டும் அல்லவா? இங்கே இரண்டு சாவிகளும் வங்கியிடமே உள்ளன. நாம் கடவுச்சொல்லைச் சொன்னால் நம்மை அடையாளம் கண்டு அவர்கள் திறந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். டிரைவில் ஏற்கெனவே ஏதேனும் ஓர் அடையாள அட்டையைப் படமாக ஏற்றியிருந்தால், அந்தக் கோப்புக்கு நீங்கள் இட்ட பெயரைத் தேடாமல், அட்டையில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டுங்கள். பெரும்பாலும் அந்தப் படம் வந்து நிற்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் அவர்களுடைய கணினி படித்து அட்டவணையிட்டு வைத்திருக்கிறது என்பது அதற்குப் பொருள். ஊழியர் ஒருவர் உட்கார்ந்து உங்கள் பத்திரத்தைப் படிக்கிறார் என்று நான் சொல்லவில்லை. அதற்கு உள்கட்டுப்பாடுகள் உண்டு. ஆனால் நிறுவனத்தின் பக்கம் தவறு நேர்ந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. 2011 ஜூன் 19 அன்று டிராப்பாக்ஸ் தன் நிரலில் செய்த ஒரு மாற்றத்தால், ஏறக்குறைய நான்கு மணி நேரம், எந்தக் கணக்கிலும் எந்தக் கடவுச்சொல்லை இட்டாலும் உள்ளே நுழைய முடிந்தது. வட்டில் கோப்புகள் மறையாக்கமாகத்தான் இருந்தன. கதவைத் திறந்துவிடுகிறவரே திறந்துவிட்ட பிறகு அந்த மறையாக்கத்தால் யாருக்கும் பயனில்லாமல் போயிற்று.

ஆகவே பணம் கட்டி இடம் மாறுவதற்கு முன், கோப்பு உங்கள் கணினியை விட்டுப் புறப்படும் முன்பே நீங்களே பூட்டி அனுப்பும் வழியைப் பாருங்கள். இதற்கு நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துவது கிரிப்டோமேட்டர் என்ற திறமூல மென்பொருள். கணினியில் இலவசம், கைப்பேசியில் முழுமையாகப் பயன்படுத்த மட்டும் கட்டணம் உண்டு. முதலில் கூகுள் டிரைவுக்கான கணினிச் செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். பிறகு கிரிப்டோமேட்டரில் புதிய பெட்டகம் ஒன்றை உருவாக்கச் சொன்னால், எங்கே வைப்பது என்று கேட்கும். டிரைவ் கோப்புறையைக் காட்டிக் கடவுச்சொல் ஒன்றைக் கொடுங்கள். பெட்டகத்தைத் திறந்ததும் உங்கள் கணினியில் பென் டிரைவ் செருகியது போலப் புதிய டிரைவ் ஒன்று தோன்றும். அதற்குள் நகலெடுத்துப் போடுவதெல்லாம் பூட்டப்பட்டு மேலே போய்ச் சேரும். உங்களுக்கு அது சாதாரணக் கோப்புறையாகத் தெரியும். டிரைவின் இணையப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், 'டி' என்ற கோப்புறைக்குள் இரண்டிரண்டு எழுத்துப் பெயர்களில் வரிசையாகக் கோப்புறைகளும், அவற்றுக்குள் பொருளற்ற நீண்ட பெயர்களில் கோப்புகளும் இருக்கும். கோப்பின் பெயரும் மறைந்துவிடும்; எத்தனை கோப்புகள், ஒவ்வொன்றும் என்ன அளவு, எப்போது மாற்றியது என்பவை மட்டும் வெளியே தெரியும்.

சிலர் இதற்கு வெராகிரிப்டைப் பரிந்துரைப்பார்கள். அது சிறந்த கருவிதான் என்றாலும், எல்லாக் கோப்புகளையும் ஒரே பெரிய கோப்புக்குள் அடைத்து வைக்கும் முறை அதனுடையது. உள்ளே ஒரு பக்கத்தை மாற்றினாலும் 3 ஜிபி முழுவதும் மீண்டும் பதிவேற வேண்டியிருக்கலாம். போதாக்குறைக்கு, அந்தப் பெரிய கோப்பின் தேதி மாறாமல் வைத்திருப்பது அதன் இயல்பு அமைப்பு என்பதால், மாற்றம் நடந்ததையே சில ஒத்திசைவுச் செயலிகள் (கணினியில் உள்ளதையும் கிளவுடில் உள்ளதையும் ஒன்றுபோல வைப்பவை) கவனிப்பதில்லை. கிரிப்டோமேட்டர் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே பூட்டுவதால் கிளவுடுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

கடவுச்சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லோருக்கும் மனப்பாடமான செய்யுளின் முதல் வரியையோ பாடல் வரியையோ ஆங்கில எழுத்தில் தட்டி வைப்பது நம்மவர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். திருடுபவரின் பட்டியலிலும் அவை இருக்கும். டைஸ்வேர் என்ற முறையில் 7,776 சொற்கள் கொண்ட பட்டியல் உண்டு. பகடையை ஐந்து முறை உருட்டினால் அதில் ஒரு சொல் கிடைக்கும். ஆறு சொற்களை அவ்வாறு எடுத்து வரிசையாக வைத்தால், நினைவில் நிற்கக்கூடியதும் ஊகிக்க முடியாததுமான கடவுச்சொல் அமையும். ஆறு முகப் பகடைதான் வேண்டும். வீட்டில் இருக்கும் தாயக்கட்டை இதற்கு உதவாது.


மறுமொழி: பேருந்து நிலையம் எதிரில்

மேலே உள்ள நண்பர் சொன்னதில் தவறேதும் இல்லை. ஆனால் அவர் கோட்டைச் சுவரைப் பற்றி எழுதுகிறார். கொல்லைக் கதவு திறந்து கிடப்பதைப் பற்றி நான் எழுத வேண்டியிருக்கிறது. நான் 14 ஆண்டுகளாகப் பிரவுசிங் சென்டரும் ஜெராக்ஸ் கடையும் நடத்துகிறேன். என் கடையில் நான்கு கணினிகள். ஒவ்வோர் இரவும் கடையைச் சாத்தும் முன் அவற்றின் டவுன்லோட்ஸ் கோப்புறைகளை நானே காலி செய்கிறேன். ஒரு நாளில் சராசரியாக முப்பது, நாற்பது ஆதார் பிடிஎஃப்கள் அங்கே கிடக்கும். வாட்ஸ்அப் வெப் திறந்தபடி, ஜிமெயில் திறந்தபடி எழுந்து போகிறவர்கள் வாரத்துக்கு நான்கு பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவருடைய கோப்பையும் யாரும் கூகுளின் தரவு மையத்துக்குள் புகுந்து எடுக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆகவே, ஐயா, பெட்டகம் அமைப்பதற்கு முன் உங்கள் கூகுள் கணக்கைக் காத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே இயக்குங்கள். அது குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியாக இருப்பதைவிட, கைப்பேசியில் எண் உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலியாகவோ, கைப்பேசியின் பூட்டைத் திறப்பது போலவே நுழைய விடும் பாஸ்கீயாகவோ இருப்பது மேல். உங்கள் எண்ணுக்கே ஏமாற்றி மாற்றுச் சிம் வாங்குபவருக்கு அந்தக் குறுஞ்செய்தி போய்ச் சேரும். கூகுள் தரும் பத்து காப்புக் குறியீடுகளை அச்சிட்டுப் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசி தொலைந்த அன்று அந்தத் தாள் ஒன்றுதான் உங்களை உள்ளே விடும்.

பிடிஎஃப் கடவுச்சொல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் தரவிறக்கும் மின் ஆதார் பிடிஎஃப்பின் கடவுச்சொல் என்ன? பெயரின் முதல் நான்கு எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதை அடுத்துப் பிறந்த ஆண்டு. உங்கள் பெயரும் வயதும் தெரிந்த எவரும் திறக்கலாம். பெரும்பாலான வங்கிக் கணக்கு அறிக்கைகளும் இதே போலப் பிறந்த தேதியையோ கைப்பேசி எண்ணையோ கொண்டுதான் பூட்டப்படுகின்றன. இதைப் பூட்டு என்று நம்பிக் கிளவுடில் போட வேண்டாம். ஆதாரை யாருக்கேனும் அனுப்ப நேர்ந்தால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை எடுத்து அனுப்புங்கள். வேறு ஒரு கோப்பை மட்டும் பூட்டி அனுப்ப வேண்டுமானால் கோப்புகளைச் சுருக்கிப் பூட்டும் 7-ஜிப் என்ற மென்பொருள் போதும். ஆனால் வடிவத்தை ஜிப் என்று விட்டுவிட்டால் அது பழைய, பலவீனமான பூட்டையே முன்னிருப்பாக எடுத்துக்கொள்ளும். 7இசட் என்ற வடிவத்தைத் தேர்ந்து, கோப்புப் பெயர்களையும் மறைக்கும் பெட்டியில் குறியிடுங்கள். தமிழில் வைத்த கோப்புப் பெயர்கள் மறுபக்கத்தில் கட்டம் கட்டமாக உடைந்து வருவதும் அந்த வடிவத்தில் நேராது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் 400 கோப்புகளும் இரகசியமானவை அல்ல. சர்வே எண் தெரிந்த எவரும் தமிழக அரசின் இணையத்தில் உங்கள் பட்டாவைப் பார்க்கலாம். வில்லங்க விவரமும் அவ்வாறே. ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று, பான் போன்றவை டிஜிலாக்கரில் வழங்கும் துறையிடமிருந்தே நேரடியாக வந்துவிடுகின்றன. அவ்வாறு வழங்கப்பட்டவை 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி அசலுக்கு நிகரானவை. நீங்களே ஸ்கேன் செய்து அதில் ஏற்றுபவற்றுக்கு அந்தத் தகுதி கிடையாது. பெட்டகத்துக்குள் கட்டாயம் போக வேண்டியவை அம்மாவின் மருத்துவ அறிக்கைகள், வங்கிப் பக்கங்கள், கையொப்பம் தெரியும் தாள்கள் ஆகியவைதான்.

கடைசியாக, அந்தத் தாள்களை எதில் ஸ்கேன் செய்தீர்கள்? கைப்பேசியின் கேமராவில் படம் எடுத்திருந்தால், கூகுள் போட்டோஸைத் திறந்து பாருங்கள். அங்கே தானாகக் காப்புப் பிரதி எடுக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் பூட்டப்போகும் ஒவ்வொரு காகிதத்தின் பூட்டாத படமும் ஏற்கெனவே மேலே போயிருக்கும்.


மறுமொழி: ஆழியாற்றங்கரை

இருவரும் பிறர் திறக்காமல் இருப்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நம்முடையவர்கள் திறக்க முடியாமல் போவதைப் பற்றி எழுதத்தான் நான் வந்தேன். என் அண்ணன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் இறந்தார். கணினித் துறையில் இருந்தவர். எல்லாவற்றையும் முறையாகச் செய்பவர். வீட்டுக் கடன், காப்பீடு, பிள்ளைகளின் பெயரில் போட்ட வைப்புத்தொகை எல்லாவற்றின் விவரங்களையும் மேலே சொன்ன முறையில் ஒரு பெட்டகத்துக்குள் வைத்திருந்தார். அண்ணிக்கு அந்தப் பெட்டகம் இருப்பது தெரியும், கடவுச்சொல் தெரியாது. அவருடைய நாட்குறிப்புகள், பர்ஸுக்குள் மடித்து வைத்திருந்த சீட்டுகள், பிள்ளைகளின் பிறந்த நாட்கள் என மூன்று மாதம் முயன்றோம். காப்பீட்டு நிறுவனத்திலும் வங்கியிலும் இறப்புச் சான்றிதழோடும் வாரிசுச் சான்றிதழோடும் அலைந்து பெரும்பாலானவற்றை மீட்டுவிட்டோம். பெட்டகத்துக்குள் வேறென்ன இருந்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. மென்பொருளை உருவாக்கியவர்களாலும் திறக்க முடியாது. அப்படித் திறக்க முடிந்தால் அது பூட்டே ஆகாது.

ஆகவே பெட்டகத்தை உருவாக்கும்போதே, மீட்புத் திறவுகோல் ஒன்றை உருவாக்கட்டுமா என்று அது கேட்கும். வேண்டாம் என்று கடந்துவிடாதீர்கள். ஆங்கிலச் சொற்களாலான நீண்ட வரிசை ஒன்று வரும். அதைக் கைப்பேசியில் படம் எடுக்காமல் காகிதத்தில் அச்சிட்டு, ஒரு படியை உங்கள் வங்கி லாக்கரிலும் மற்றொன்றைத் தங்கையிடமும் வையுங்கள். அந்தத் தாளின் பின்பக்கத்தில், இது எந்த மென்பொருளுக்குரியது, பெட்டகம் எந்தக் கணக்கில் இருக்கிறது, எப்படித் திறப்பது என்று தமிழில் நான்கு வரி எழுதுங்கள். சொற்கள் மட்டும் இருந்தால், பத்து ஆண்டு கழித்து அதை எடுப்பவர் ஏதோ பிள்ளைகளின் ஆங்கிலப் பாடம் என்று எண்ணித் தூக்கிப் போடவும் கூடும்.

கூகுள் கணக்குக்கும் இதே ஏற்பாடு தேவை. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அந்நிறுவனம் நீக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. செயலற்ற கணக்கு நிர்வாகி என்ற அமைப்புக்குள் போய், 3 மாதம் முதல் 18 மாதம் வரை ஒரு காலத்தைத் தேர்ந்து, அதுவரை நீங்கள் நுழையாவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எவற்றை அவர் எடுத்துக்கொள்ளலாம் என்று குறித்து வைக்கலாம். அண்ணன் இதைச் செய்திருந்தாலும் பூட்டிய பெட்டகம்தான் எங்கள் கைக்கு வந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கணக்கும் மீட்புத் திறவுகோலும் இரண்டும் சேர்ந்தால்தான் பயன்.


மறுமொழி: சாவிக்கொத்து

ஆழியாற்றங்கரை எழுதியதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். என்னுடைய மீட்புத் திறவுகோல் எங்கே என்று இப்போதுதான் தேடினேன். நல்ல வேளையாகக் கிடைத்துவிட்டது.

மூன்றாம் ஐயத்துக்கு விடை தராமல் விட்டுவிட்டேன். புரோட்டான் டிரைவ், மெகா போன்ற சேவைகள் முனைக்கு முனை மறையாக்கம் தருவதாகச் சொல்கின்றன. திறவுகோல் நம்மிடமே இருக்கும் முறை அது. ஆனால் எல்லோரும் அதைச் சரியாகக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. சூரிச்சில் உள்ள ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 இல் மெகாவிலும், 2024 இல் சிங்க், பிகிளவுட், ஐஸ்டிரைவ், சீஃபைல், டிரெசோரிட் ஆகிய ஐந்திலும் குறைகளைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். எல்லாம் ஒரே அளவில் கடுமையானவை அல்ல. டிரெசோரிட்டில் பாதிப்பு குறைவு. பூட்டுபவரும் வைத்திருப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பதை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒத்திசைவைக் காப்புப் பிரதி என்று எண்ணிவிட வேண்டாம். கணினியில் தவறுதலாக நீக்கினால் மேலேயும் நீங்கும். குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு இராது. 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கணினிச் செயலியைப் பயன்படுத்திய சிலருக்குப் பல மாதத்துக் கோப்புகள் காணாமல் போயின. அந்நிறுவனம் மீட்புக் கருவி ஒன்றை வெளியிட வேண்டியிருந்தது. மாதம் ஒரு முறை பெட்டகக் கோப்புறையை அப்படியே ஒரு வெளி வட்டில் நகலெடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். அதுவும் பூட்டியபடியே இருக்கும் என்பதால் தொலைந்தாலும் கவலையில்லை.

தங்கைக்குக் கொடுப்பது எளிது. டிரைவில் பெட்டகக் கோப்புறையை அவருடைய கணக்குக்குப் பார்வையாளர் உரிமையோடு பகிருங்கள். இணைப்பு வைத்திருக்கும் எவரும் காணலாம் என்ற தேர்வைத் தொடவே வேண்டாம். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் வாயால் சொல்லுங்கள். பின்னாளில் கடவுச்சொல்லை மாற்றினாலும், பழைய மாஸ்டர்கீ கோப்பின் (பெட்டகத்தின் திறவுகோலைக் கடவுச்சொல்லால் பூட்டி வைத்திருக்கும் கோப்பு) நகலும் பழைய கடவுச்சொல்லும் ஒருவரிடம் இருந்தால் பெட்டகம் அவருக்குத் திறக்கும். ஆகவே ஒருவரை உண்மையில் விலக்க வேண்டுமானால் புதிய பெட்டகம்தான் வழி.


கேள்வி கேட்டவர்: கடலூர்க் காகிதம்

மூவருக்கும் நன்றி. ஒரு வாரமாக இதே வேலையாக இருந்தேன். போட்டோஸைத் திறந்து பார்த்தபோது, நீங்கள் ஐயுற்றபடியே 61 படங்கள் இருந்தன. அம்மாவின் ஸ்கேன் அறிக்கைகள், பேரன் பிறந்தநாள் கேக்குக்கு அடுத்த படமாக வரிசையில் நின்றன. அனைத்தையும் நீக்கினேன். அங்கேயும் குப்பைத் தொட்டி 60 நாள் வைத்திருக்கும் என்று தெரிந்ததும் அதையும் காலி செய்தேன்.

பெட்டகம் இயங்குகிறது. ஒரே ஓர் ஐயம். "அப்பா ஓய்வூதிய ஆணை திருத்தப்பட்ட நகல் மாவட்டக் கருவூலம் கடலூர்" என்று நான் பெயர் வைத்த கோப்பு மட்டும் டிரைவின் இணையப் பக்கத்தில் சி9ஆர் என்று முடியாமல், சி9எஸ் என்று முடியும் கோப்புறையாக நிற்கிறது. இது பழுதா?


மறுமொழி: சாவிக்கொத்து

பழுதன்று. மறையாக்கிய பெயர் 220 எழுத்துகளைத் தாண்டினால் அது அவ்வாறு சுருக்கி வைக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழ்க் குறிக்கு மூன்று பைட். 'தி' என்பதே 'த' ஒன்று, மேல்விலங்கு ஒன்று என இரண்டு குறிகளாகி ஆறு பைட் எடுக்கிறது. மறையாக்கும்போது பெயர் இன்னும் நீள்வதால், நமக்கு நாற்பத்தெட்டுக் குறிகளிலேயே எல்லை வந்துவிடுகிறது. உள்ளே முழுப் பெயரும் பத்திரமாக இருக்கும். அந்தக் கோப்புறையின் பெயரை மட்டும் இணையப் பக்கத்திலிருந்து மாற்றிவிடாதீர்கள்.


கேள்வி கேட்டவர்: கடலூர்க் காகிதம்

தொடவில்லை. நேற்று இரவு தங்கை தன் கணினியில் பெட்டகத்தைத் திறந்துவிட்டாள். முதலில் அவள் திறந்தது அந்தக் கிரையப் பத்திரத்தை. ஊதாத் திட்டைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இதை இவ்வளவு பத்திரமாகப் பூட்டி என்ன பயன், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு இத்தனை ஆண்டுகளாக ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டாள். திங்கட்கிழமை விண்ணப்பிக்கப் போகிறேன். நகல் வந்ததும் ஸ்கேன் செய்து பெட்டகத்தில் சேர்ப்பேன், இம்முறை கைப்பேசிக் கேமராவில் அன்று.